விதை விரால்

சீனித்தாய்க்குக் கைராசி என்று ஊரில் பேச்சு. ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதும், வெளியூரிலிருந்து இனம் பெருக விதை விரால் வாங்கிவந்து தண்ணீரில் விடுவது அவள் கைதான். அதில் அவளுக்கும் கொஞ்சம் மிதப்பு உண்டு. இல்லையென்று அவள் சொன்னால் நம்பவேண்டாம்.

இந்தக் கார்த்திகையில் கொண்டுவந்த மூன்றில் ஒன்றுக்கு வாலடியில் சிவப்பாய் ஒரு புண். கொக்கு கொத்தியிருக்கும் என்று அவளாக முடிவுகட்டி, மஞ்சளைக் குழைத்துப் பூசித் தண்ணீரில் விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழிப் பனி இறங்கியதும் விரால்கள் ஒவ்வொன்றாய்ச் செத்து மிதந்தன. பிறகு குரவை, கெளுத்தி மீன்களும். எல்லாவற்றின் உடம்பிலும் சதை தெரியும் புண். அந்த ஊர் விசாரணை ஒரு டீயில் முடிந்துவிடும். கரையோரம் பருத்திக்கு மருந்தடித்த மாயகிருஷ்ணன்தான் குற்றவாளி என்றார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் அப்புறம் யாரும் உட்காரவில்லை. சீனித்தாய் வாயே திறக்கவில்லை. திறந்தால் கைராசி போய்விடுமே.

அப்போதுதான் கீழூர்ச் செண்பகராஜ் குடத்தோடு வந்தான். விதை மீன் கேட்டு வந்தவரை வெறுங்குடத்தோடு அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. செத்தது போக மிச்சமிருப்பது மருந்துக்கே அசராத கெட்டி மீன் என்று அவன் நினைத்தான். மாயகிருஷ்ணனே வலை வீசி இரண்டு விரால் பிடித்துக் குடத்தில் போட்டார். கெட்ட பெயர் கொஞ்சம் குறையும் என்று பார்த்தாரோ என்னவோ.

சீனித்தாய் குடத்துக்குள் கைவிட்டு ஒன்றைத் தூக்கினாள். அடிவயிற்றில் கடுகளவு சிவப்பு.

“இத கொண்டுபோகாதீய, கொழுந்தனாரே.”

“சின்னப் புள்ளிதான மதினி. ரெண்டு மீன் தர மனசில்லியோ?”

கரையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் காது நல்ல காது. சீனித்தாய் ஒருமுறை அவர்களைப் பார்த்தாள்.

“நானும் சின்னப் புள்ளின்னுதான் நெனச்சேன். புண்ணுபட்ட மீன மஞ்சளத் தடவி இங்கன விட்டது நாந்தான். அந்தச் சீக்குதான் பரவியிருக்கு. அண்ணாச்சி மேல ஒரு தப்பும் இல்ல.”

அடுத்த வருசம் யார் கை என்ற யோசனை சிலர் முகத்தில் அப்போதே ஓடியது. அவள் இரண்டு மீனையும் கரைக்கு அப்பால் கரிசலில் குழிதோண்டிப் புதைத்தாள். சீக்கு குடத்தோடு கீழூர் போகாமலிருக்க, அதற்குச் சுண்ணாம்பு தடவிக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். செண்பகராஜ் பக்கத்தில் குந்தி, குடம் காயக் காத்திருந்தான்.

மாயகிருஷ்ணன் ஈர வலையைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார்.

“இதுவும் அந்தத் தண்ணியில முங்குனதுதான். நல்லாக் காயட்டும்.”