ஒட்டு மீசை

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை அப்பாவின் மேலுதட்டருகே கொண்டுபோனவனை, "கொஞ்சம் நில்லுப்பா" என்று சீரியல் கம்பெனி மேனேஜர் தடுத்தார்.

கட்டிலில் அப்பா வேஷத்தோடு கிடந்தார். மத்தியானம் சீரியலில் மருமகளைத் திட்டி முடித்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. என்னமாய் நடிக்கிறார் மனுஷன் என்று கேமராவை ஓடவிட்டுவிட்டார்கள். பக்கத்தில் பவுடர் டப்பாவோடு நின்ற மேக்கப்காரன், பெற்ற பிள்ளை, அவனும் ரசித்துக்கொண்டுதான் நின்றான். பாழாய்ப்போன தொழில்.

போலீஸ்காரர், டாக்டர், திருடன் என்று வந்த வேஷத்தையெல்லாம் கட்டிய மனிதர். கடைசியில் கொடுமைக்கார முதலாளியாக மாட்டிக்கொண்டார். வேறு எதிலும் நடிக்கக் கூடாது என்று கம்பெனி கட்டிப்போட்டது. மருந்துக்கடைக்காரம்மா, "மருமகள அப்படிப் படுத்துறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுப்பாள். சாயங்காலம் அப்பா வீட்டு வாசலிலேயே நின்று, "எடுடா சீக்கிரம், மூச்சு முட்டுது" என்பார். மீசையோடு ஒரு நாளும் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. இன்றைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"கேமரா வந்துட்டே இருக்கு. ரெண்டே ஷாட்டு. முதலாளி சாவு தத்ரூபமா அமைஞ்சிரும்" என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. "அப்பாவுக்கும் அது மரியாதைதானே? அப்புறம் எடுத்துக்க."

"வேணாம் சார்."

"நீயும் கம்பெனி சோறுதான் திங்கிற. அத மறந்துராத."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பஞ்சு அசையவில்லை. இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறென்ன தெரியும்?

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அதுவரை அழவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பவும் இல்லை.

"அவர் இன்னும் வீட்டுக்கு வரலடா" என்றாள்.

அவன் பஞ்சை வைத்து ஒற்றினான். பசை இளகியது. வலிக்குமோ என்று பழக்கத்தில் மெல்ல ஊதிக்கொண்டே, ஓரத்திலிருந்து உரித்தெடுத்தான். வெளுத்து, பசையில் புண்பட்டுப்போன மேலுதடு தெரிந்தது. அம்மா எழுந்து வந்து முந்தானையால் அதைத் துடைத்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

சேதி கேட்டு வந்த இரண்டு பெண்கள் உள்ளே எட்டிப்பார்த்தார்கள். கட்டிலைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதலாளிய எங்க வச்சிருக்காங்க?" என்று ஒருத்தி மேனேஜரிடம் ரகசியமாகக் கேட்டாள்.

மேனேஜர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியை, மூக்கை, தோளை. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. துணிக்கடையில் அளவு பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அச்சு அசல் அவருதான்யா நீ" என்றார். "நரை போட்டா போதும். எல்லாம் முடிச்சிட்டு வா, அவசரமில்ல. நாளன்னைக்கு ஷூட்டிங் வச்சுக்கலாம்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவர் மீசையை அவன் கையிலிருந்து வாங்கி, காகிதத்தில் மடித்து, அவனுடைய சட்டைப் பையிலேயே வைத்துத் தட்டிக்கொடுத்தார்.

அம்மா இதையெல்லாம் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மிச்சமிருந்த பஞ்சால், ஒன்றுமே இல்லாத தன் மேலுதட்டை அழுத்தித் துடைத்தான்.