ஏகாம்பரத்தின் வலத்தோள்

அப்பாவை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான் முரளிதரன். எதிரே நின்று சீயக்காய் தேய்த்த துரைக்கண்ணுவின் கை வலத்தோளுக்கு வந்ததும் நின்றது. அங்கே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி.

"இன்னும் கரையல பாரு."

"கொழுப்புக்கட்டி அங்கிள். சின்ன வயசுலேருந்து பாக்குறேன்."

"கொழுப்பா? உங்கப்பனுக்கா?"

நோபல் பார்க் புறநகரின் அந்த இறுதிச்சடங்கு நிலையத்தில் குளிப்பாட்ட ஒரு மணி நேரம் அறை கொடுத்திருந்தார்கள். வேறு மாநிலத்தில், ஹோம்புஷில் மகள் வீட்டில் இருக்கும் துரைக்கண்ணு, செய்தி கேட்டதும் முதல் விமானத்தில் வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. 1971இல், வங்காளதேச விடுதலைப் போரில், அவரும் முரளியின் அப்பா ஏகாம்பரமும் ராணுவத்தின் பாலம் கட்டும் ஒரே கம்பெனியில் இருந்தவர்கள்.

துரைக்கண்ணு தன் சட்டையை விலக்கினார். இடத்தோளில் அதே கட்டி.

"அவன் வலது, நான் இடது. ஒரே மூங்கில்."

முரளி இரண்டு கட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தான். பல்கலைக்கழகத்தில் போர் வரலாறு நடத்துகிறவன் அவன். அந்தப் படையின் போர்த்திறனை மறுமதிப்பீடு செய்து ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தான். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆறு மணி நேரத்தில் போட வேண்டிய பாலத்துக்குப் பதினைந்து மணி நேரம் எடுத்தார்கள் என்பது அவனுடைய பெரிய சான்று. 'சேற்றைச் சமாளிக்கத் தெரியாத படை' என்று எழுதியிருந்தான். மகா மேதாவி, அப்பாவிடமும் கேட்காமல் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவர், "சேறுப்பா" என்று மட்டும் சொன்னார். பையன் அதையும் ஒப்புதலாக அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டான்.

"ஏன் லேட்டாச்சு அங்கிள்?"

"லாரி பூரா சேத்துல மாட்டிக்கிச்சு. ஆத்துக்கு இன்னும் ரெண்டு மைல். பாலத்தோட இரும்புச் சட்டம் ஒண்ணு எரநூத்தி அறுபது கிலோ. ஆறு பேர் கையில தூக்குறது. அவ்ளோ தூரம் கை தாங்குமா? மூங்கில வெட்டித் தோள்ல ஏத்துனோம். தோல் உரிஞ்சு, சீழ் வெச்சு, அப்படியே இறுகிப்போச்சு."

"எத்தனை சட்டம்?"

"முப்பத்திரெண்டு."

"கம்பெனியோட போர் டைரியில இது ஒண்ணுமே இல்லியே."

"எழுதுன ஆபீசர் லாரிகிட்ட நின்னுட்டாரு. பாலம் முடிஞ்ச டயத்த வயர்லெஸ்ல கேட்டு எழுதிக்கிட்டாரு. விடிஞ்சதும் டாங்கி அதுமேல போச்சுல்ல, அது போதும்னுட்டான் உங்கப்பன்."

முரளி மனசுக்குள் ஆறால் வகுத்தான். ஆளுக்கு நாற்பத்துமூன்று கிலோ. இரண்டு மைல் சேறு. திரும்பி நடந்து அடுத்தது. கிளென் வேவர்லி வீட்டில் ரிமோட்டைத் தேடிக் கத்துகிற, காபி ஆறிவிட்டதென்று முனகுகிற இந்த மனுஷனா? போரைப் பற்றி அலமாரி அலமாரியாகப் படித்தவன், அந்தக் கட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி பிரமித்து நின்றான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பதிப்பாசிரியருக்கு ஒரு வரி அனுப்பினான்: 'நிறுத்துங்கள். நான் எழுதியது தப்பு.'

சடங்குகள் முடிந்ததும் ஊழியர் பெட்டியைக் கொண்டுபோகச் சக்கர வண்டியை உருட்டி வந்தார். துரைக்கண்ணு மறித்தார்.

"வண்டி வேணாம். ஆறு பேர் வாங்க. ஹைட் பாத்து ஜோடி ஜோடியா நில்லுங்க."

ஐந்து பேர்தான் தேறினார்கள், அதில் அவரும் ஒருவர். முரளியின் மனைவி யாமினி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். பொம்பளையா என்று யாரோ இழுத்தார்கள். துரைக்கண்ணு அவளையும் பக்கத்தில் நின்றவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஹைட் சரியா இருக்கு."

"அங்கிள், நீங்க வேணாமே. வயசாயிடுச்சு" என்றாள் யாமினி.

"என் ஜோடிம்மா அவன்."

முன்னால் வலப்பக்கம் அவர் நின்றார், இடத்தோள் கொடுத்து. இடப்பக்கம், அப்பாவின் இடத்தில், முரளி வலத்தோள் கொடுத்தான். "தூக்கு" என்றார் துரைக்கண்ணு. எழுபத்தெட்டு வயதுக் குரலாக அது இல்லை.

வாசலில் நின்ற கார்வரைக்கும் நாற்பது அடி. பாதியிலேயே முரளிக்கு மூச்சு வாங்கியது, தோளை மாற்றவில்லை.

பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். முரளியின் கோட்டின் வலத்தோள் கசங்கிக் குழிந்திருந்தது. யாமினி அதை நீவிவிடக் கை நீட்டினாள். முரளி லேசாக விலகிக்கொண்டான்.