நீட்டி வைத்த சப்தமி

ஜோகூர் மூவாரில் பஞ்சாங்கம் கணித்துப் பிழைத்துவந்த லெட்சுமணன், தன் எழுத்தை யாராவது திருடினால் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு நாளைத் தெரிந்தே தப்பாகக் கணிப்பார். ஸ்ரீமுக வருஷத்தில் அது ஆவணி பதின்மூன்று, திங்கட்கிழமை. அன்று காலை ஆறு மணிக்கே சப்தமி முடிந்து, நல்ல காரியத்துக்கு ஆகாத அஷ்டமி வந்துவிடும். லெட்சுமணன் சப்தமியைப் பத்து மணி வரை இழுத்து, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் கல்யாணம் செய்யலாம் என்று எழுதிவைத்தார். கப்பலில் வரும் பஞ்சாங்கம் வேறு மாதிரி சொன்னால், அது நாகப்பட்டினத்துச் சூரியன், இது ஜோகூர்ச் சூரியன் என்று ஜனங்கள் சமாதானமாகிவிடுவார்கள். அந்தச் சமாதானத்தையும் முதல் பக்கத்தில் அவரே அச்சடித்துக் கொடுத்திருந்தார்.

அச்சுக்கூடம் வைத்திருந்த கிபாயத்துல்லா, பிரதிக்கு ஐந்து காசு ராயல்டி என்று பேசி, முதல் வருஷம் ஒழுங்காகக் கொடுத்தார். ஸ்ரீமுக வருஷத்தில் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு, லெட்சுமணன் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அச்சடித்தார். கேட்டால், வேறு ஆள் வைத்துக் கணித்தது என்றார்.

அந்தப் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் பக்கத்து ஊர் தங்காக்கில் ஜவுளிக்கடை வைத்திருந்த தங்கராஜு சம்பந்தம் பேச வந்தார். தன் மகனுக்கும் லெட்சுமணன் மகள் புஷ்பவள்ளிக்கும் ஆவணி பதின்மூன்றில் முடித்துவிடலாம் என்றார். லெட்சுமணன் வாயைத் திறந்தார். காரணம் சொன்னால் தங்காக் முழுக்கப் பரவும், கிபாயத்துல்லா காதுக்கும் போகும், வைத்த பொறி வீணாகும். திறந்த வாயால், "ரொம்ப நல்ல நாள் சம்பந்தி" என்றார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது.

பிறகு அச்சுக்கூடங்களைப் பார்த்துக்கொள்ளும் துரையிடம் லெட்சுமணன் மனுக் கொடுத்தார். துரை இருவரையும் தன் அறையில் உட்காரவைத்து, ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்ததும் கிபாயத்துல்லா தணிந்த குரலில் பேசினார்.

"பாதியை வாங்கிக்கங்க ஜோசியரே. உள்ள பேசினது அந்த ரூமுக்குள்ளயே கெடக்கும்லா. கோர்ட்டுன்னா ஊரே வந்து உக்காரும்."

"அதுக்குத்தான்யா கோர்ட்டு. நீ திருடன்னு ஊரே உக்காந்து கேக்கணும்."

மாசி மாதம் கோர்ட்டில் ஊரே உட்கார்ந்தது. முன் பெஞ்சில் தங்கராஜு, சம்பந்தி ஜெயிப்பதைப் பார்க்கச் சரிகை அங்கவஸ்திரம் போட்டு வந்திருந்தார். பக்கத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணியாகப் புஷ்பவள்ளி.

லெட்சுமணன் கூண்டில் ஏறிப் பொறியை விளக்கினார். துபாஷி அதை வெள்ளைக்கார நீதிபதிக்கு இங்கிலீஷில் சொன்னார். தமிழ் தெரிந்தவர்கள் அதற்கு முன்பே முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ஆவணி பதிமூணா? நம்ம வேலுவுக்கு அன்னிக்குத்தானே கட்டி வச்சோம்?"

"அதான் மறுமாசமே காலை ஒடைச்சுக்கிட்டான்."

கிபாயத்துல்லாவின் வக்கீல் ராஜசேகரன் நிதானமாக எழுந்தார்.

"கெட்ட நாள்னு தெரிஞ்சே நல்ல நாள்னு எழுதினீங்க?"

"ஆமா."

"அதே நாள்ல உங்க பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணீங்க?"

லெட்சுமணன் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். குடித்து முடித்த பிறகும் கேள்வி அங்கேயே நின்றது.

"பண்ணினேன்."

"பெத்த அப்பன் தெரிஞ்சே அஷ்டமியில தாலி கட்ட விடுவானா? உங்க கணக்குப்படி அது நல்ல நாள்தான். வேற ஆள் கணிச்சாலும் அதேதான் வரும். பொறின்னு ஒண்ணு கெடையாது, கேஸுக்காக இப்பக் கட்டின கதை. ஆமாவா, இல்லையா?"

ஆமாம் என்றால் வழக்குப் போய்விடும். புஷ்பவள்ளி மாமனாரோடு தங்காக் போய்ச் சேருவாள். அவள் அப்பாவைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லும்படி மெல்லத் தலையசைத்தாள். லெட்சுமணன் அதைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கிபாயத்துல்லா சிரிப்பதையும் பார்த்தார்.

"இல்லைங்க. தெரிஞ்சேதான் விட்டேன்."

துபாஷி தயங்கினார். "என்ன சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான் விட்டேன். அய்யாவுக்கு நல்லா வெளங்கற மாதிரி சொல்லுங்க."

சொந்த மகளையே பொறிக்குள் வைத்தவர் பொய் சொல்லக் காரணமில்லை என்று நீதிபதி முடிவு செய்தார். ராயல்டி முழுவதும், செலவுத் தொகையும் சேர்த்து, லெட்சுமணனுக்குத் தீர்ப்பாயிற்று.

கோர்ட்டுப் படியில் தங்கராஜு சத்தம் போடவில்லை. அங்கவஸ்திரத்தை மட்டும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும் சம்பந்தி. பொட்டியை நாளைக்கு வண்டியில ஏத்திவிடுறேன்."

அவர் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். புஷ்பவள்ளி அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, நெசமாவே அன்னிக்கு அஷ்டமியா? கேஸுக்காகச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஓடிப்போய் மாமாகிட்டச் சொல்லிடுறேன். இன்னும் பஸ் எடுக்கல."

லெட்சுமணன் யோசித்தார். பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அவன் அப்பீலுக்குப் போக இன்னும் முப்பது நாள் இருக்கும்மா. அது வரைக்கும் அஷ்டமிதான்."