எக்ஸ்சேஞ்சுக்குப் போன வீடு

2009ஆம் ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், அருமனைக்கு வடக்கே கூவைக்குழியில் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கும் கிளீட்டஸின் வீடு, டெலிபோன் போஸ்ட் இருக்கும் திசையில் ஒன்றரை அடி நகர்ந்திருந்தது. அன்றைக்கு ரப்பர் ஷீட் கிலோ நூற்றுப்பத்து ரூபாய், மழையும் இல்லை. அடுக்களைப் படி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டதால், பல் தேய்க்கக் கிணற்றடிக்கு இறங்கிய கிளீட்டஸ் இல்லாத படியில் காலை வைத்துக் குப்புற விழுந்தான். முட்டிச் சிராய்ப்பில் எச்சிலைத் தொட்டுத் தடவிக்கொண்டு, வீட்டைச் சுற்றி வந்து பார்த்தான். சுவரில் கீறல் இல்லை, ஓடு ஒன்றுகூடச் சரியவில்லை, உள்ளே நான்கு வயது மகள் அபினா உறங்கிக்கொண்டிருந்தாள். வீடு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நகராமல் வேறு என்ன செய்யும் என்றுதான் அவனுக்கும் தோன்றியது.

டெலிபோனுக்கு எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி பிரிஜா சவுதியில், தம்மாமில் நர்ஸ். அபினாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, மாரில் வேப்பிலை அரைத்துத் தடவிப் பால்குடி மறக்கடித்துவிட்டு பிளேன் ஏறியவள். அவள் லீவு கேட்கும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரி ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குக் கைமாறும். புது முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைத்து காண்ட்ராக்டை முதலிலிருந்து எண்ணத் தொடங்குவான். கூவைக்குழியில் செல்போனுக்கு ரேஞ்ச் கிடையாது. பக்கத்து ரப்பர் விளைக்காரர் முத்துக்கனியின் பாறைமேல் ஏறி நின்றால் அரைகுறையாகக் கேட்கும். பிள்ளையின் காதில் வைத்தால் அந்தக் கரகரப்புக்குப் பயந்து வீறிட்டு அழும். முகம் பார்த்துப் பேசட்டும் என்று பிரிஜா ஒரு கம்ப்யூட்டரையே ஆள்வசம் கொடுத்தனுப்பியிருந்தாள். ஆனால் ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் அவளுக்கு இடம் கிடைப்பது நம் ஊரில் சேவல் கூவும் நேரம். சந்தையிலுள்ள நெட் சென்டர்காரன் அப்போது இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பான். ஆகவே போனும் நெட்டுமாக லைன் வீட்டுக்கே வந்தாக வேண்டும். அந்த வட்டாரத்தில் லைன் கொடுக்க ஒரே ஒரு கம்பெனிதான் உண்டு. பிடித்தால் காத்திருக்கலாம், பிடிக்காவிட்டாலும் காத்திருக்கலாம்.

லைன்மேன் ஐயப்பன் நல்ல மனுசன்தான். வந்து பார்த்து, கட்டன்சாயா குடித்து, உள்ளதைச் சொன்னான். "போஸ்ட் முத்துக்கனி அண்ணாச்சிக்க கேட்டோட நிக்குதுண்ணே. இனி மூணு போஸ்ட் நாட்டணும். ஸ்டோர்ல போஸ்ட் இல்ல. வந்தா நாளைக்கே நாட்டிருவோம்." நாட்ட வரும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் வரிசை போய்விடும், மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும் என்றும் சொன்னான். அன்றிலிருந்து கிளீட்டஸ் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவில்லை, ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போகவில்லை. வீட்டு வாசல் கண்ணில் படும் மரங்களில் மட்டும் பால் வெட்டினான். மற்ற மரங்கள் வெட்டாமல் கிடந்தன. போஸ்ட் நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இரண்டு மழைக்காலம் போயிற்று.

இதற்கிடையில்தான் அவன் அந்தத் தப்பைச் செய்தான். மகள் தாயை மறந்துவிடக் கூடாதே என்று, நர்ஸ் உடுப்பில் பிரிஜா நிற்கும் படத்தைச் சட்டம் போட்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, செத்துப்போன தன் அப்பனின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். சின்னச் சிவப்பு பல்பு ஒன்று இரண்டுக்கும் சேர்த்து எரிந்தது. ஆசையாகச் செய்ததுதான். ஆனால் அந்த ஊரில் தனியாகச் சட்டத்துக்குள் ஏறிச் சுவரில் தொங்கியவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்பதை அவன் யோசிக்கவில்லை, பிள்ளை யோசித்தது. தாத்தா எங்கே என்று கேட்டால், தூரத்தில் இருக்கிறார், நல்லா இருக்கிறார், ஒருநாள் பார்க்கலாம் என்பார்கள். அம்மா எங்கே என்றாலும் அச்சு மாறாமல் அதே பதில். கல்லறைத் திருநாளன்று தாத்தாவின் குழிமேல் மெழுகுதிரி ஏற்றி முடித்ததும், அபினா மிச்சமிருந்த திரியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழியாகப் பார்த்துப் போனாள்.

"என்ன மக்களே தேடுக?"

"அம்மைக்க குழி எதுப்பா?"

அம்மா சாகவில்லை, சவுதியில் இருக்கிறாள் என்று கிளீட்டஸ் குழிகளுக்கு நடுவே மண்டியிட்டுச் சொன்னான். அவள் தலையாட்டினாள், பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல. பிரிஜா கண் சிமிட்டுவதை, சிரிப்பதை, மகளே என்று கூப்பிடுவதை இந்தப் பிள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். பார்க்காவிட்டால் இருக்கும் தாயே செத்த தாய் ஆகிவிடுவாள். அன்றிரவு அவன் அந்தக் கம்பெனியையும் அதன் ஸ்டோரையும் வாயில் வந்தபடி ஏசினான், பிறகு சுவரில் தலை சாய்த்து விம்மி விம்மி அழுதான். மறுநாள்தான் வீடு நகர்ந்தது.

பிறகு நின்றபாடில்லை. ஒருநாள் ஒரு முழம், ஒருநாள் ஒரு சாண், மழைநாளில் கொஞ்சம் கூடுதல். ரப்பர் மரங்களுக்கு நடுவே, பால் சிரட்டை ஒன்றைக்கூடத் தட்டிவிடாமல், பதனமாகப் போயிற்று. கிணறு மட்டும் வீட்டோடு வரவில்லை. தண்ணீர் சுமக்கும் தூரம் வாரத்துக்கு வாரம் கூடியது. கரண்ட் ஆபீஸ்காரர்கள் முணுமுணுக்காமல் வயரை நீட்டிக் கொடுத்தபடி கூடவே வந்தார்கள். வீடு தன் எல்லைக்குள் நுழைந்த அன்று முத்துக்கனி மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏலே கிளீட்டசே, ஒனக்க வீடு எனக்க வெளைக்குள்ள வந்து நிக்குது, கண்டியா?"

"நான் தள்ளிட்டா வந்தேன் அண்ணாச்சி? அது போஸ்டப் பாத்துப் போவுது."

முத்துக்கனி போஸ்டைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். அவரும் டெலிபோனுக்கு ஏழு வருடம் காத்துக் கிடந்தவர். "செரி, பைய போவட்டும். மரத்துல முட்டாமப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

2010 கிறிஸ்மசுக்கு முன்பே வீடு போஸ்டை ஒட்டி வந்து நின்றது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் போஸ்டைத் தொடலாம். ஐயப்பன் ஓடி வந்து, மேலே ஏறி, பெட்டியைத் திறந்து பார்த்து, மெதுவாகக் கீழே இறங்கினான். ஒரு லைனுக்கு ஒரு ஜோடிக் கம்பி வேண்டும், பெட்டியில் இருந்த ஜோடிகளெல்லாம் ஏற்கெனவே வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. அடுத்த பெட்டி பள்ளிமுக்கில். அதிலும் இல்லையென்றால் காஞ்சிரமுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து புது கேபிள்தான் இழுக்க வேண்டும். வீடு மறுநாளே தார்ரோட்டில் ஏறியது.

ரோட்டில் போன காலம்தான் பெரும்பாடு. ராத்திரி வண்டிகளின் கண்ணில் பட, பஞ்சாயத்தில் சுவரின் நான்கு மூலையிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மினிபஸ் டிரைவர் தினம் ஒருதரம் ஏசிவிட்டு ஒதுங்கிப் போனான். எந்தத் தெருவின் அன்பியத்துச் செபமாலைக்கு இந்த வீட்டைக் கணக்கில் சேர்ப்பது என்று பங்குக் கோயிலில் இரண்டு கூட்டம் நடந்தது. அதைவிட வேடிக்கை, கூவைக்குழியில் ரேஞ்ச் இல்லாததும் வீட்டோடு கிளம்பி வந்திருந்தது. வீடு நிற்கும் இடத்தில் கடைக்காரர்களின் செல்போனெல்லாம் ஊமையாயின. கிளீட்டஸ் பேச வேண்டுமென்றால் பழையபடி முத்துக்கனியின் பாறைக்குத்தான் நடந்தான். "வீடு எங்க வந்தாச்சு?" என்று பிரிஜா கேட்பாள், ரயில் எந்த ஸ்டேஷன் தாண்டியது என்று கேட்பதுபோல. பள்ளிமுக்கு தாண்டியாச்சு என்பான். அங்கும் ஜோடி இல்லை என்பதை அவன் சொல்லவேயில்லை.

2012 ஈஸ்டர் சமயம் வீடு எக்ஸ்சேஞ்ச் கட்டிடத்தின் பக்கச்சுவரில் முட்டி நின்றது. இனிப் போக இடமில்லை. அங்கே ஆபீசராக இருந்த விக்டோரியா மேடம் கோட்டாற்றிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். வெளியே வந்து வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல வீடு என்றார். பிறகு உள்ளே கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"உங்க விலாசம் கூவைக்குழின்னுதானே இருக்கு. இங்க எப்படிக் குடுக்க முடியும்?"

"வீடு இஞ்சதான மேடம் நிக்குது."

"அப்ப ஷிப்டிங் எழுதிக் குடுங்க. ஆனா கனெக்‌ஷன் இருந்தாத்தான் ஷிப்டிங் பண்ண முடியும். மொதல்ல அங்க குடுக்கணும், பிறகுதான் இங்க."

கிளீட்டஸ் சிரித்தான். சிரிப்பை நிறுத்த முடியாமல் ஆபீஸ் படியில் உட்கார்ந்தான். மேடம் ஆளனுப்பித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து சுவரில் கையை வைத்துப் பார்த்தான். அடுத்த பக்கத்தில் எக்ஸ்சேஞ்சின் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன, அந்தச் சூட்டில் சுவர் இதமாக இருந்தது. அதன்பின் வீடு நகரவில்லை. அவனுக்கும் மனசு விட்டுப்போயிற்று.

அந்த ஐப்பசியில் போஸ்ட் வந்தது. ஒரு லாரி நிறைய வந்து, கூவைக்குழிவரை வரிசையாக நாட்டினார்கள். புது கேபிளும் இழுத்தார்கள். ஐயப்பன் போனும் மோடமுமாகப் போய்ச் சேர்ந்தபோது அங்கே புல் முளைக்காத ஒரு சதுரமும் கிணறும் மட்டும் இருந்தன. வீட்டைக் காணோம் என்று எழுதினால் கிளீட்டஸின் வரிசை போய்விடும். பாவம் பார்த்து, கிணற்றுக் கல்தூணில் ஒரு பலகையை அடித்து, போனை அதில் வைத்து, கொடுத்தாயிற்று என்று எழுதிவிட்டான். மோடத்துக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் வீட்டோடு போய்விட்டது. ஆகவே முகம் இல்லை, குரல் மட்டும். ஷிப்டிங்குக்கு எழுதிக் கொடுத்ததற்கு, போஸ்ட் வந்ததும் செய்யலாம் என்று பதில் வந்தது.

குரலாவது தெளிவாகக் கேட்கட்டும் என்று கிளீட்டஸ் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, பால் வெட்டப் போகும்போது அபினாவைக் கூட்டிப்போனான். சொல்லிவைத்தபடி போன் அடித்தது. கிணற்றடியில் ஏழு வயதுப் பிள்ளை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரிஜாவின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அவனுக்கும் கேட்டது.

"அம்மா, அங்க இருட்டா இருக்கா?"

"ஆமா மக்களே, இஞ்ச இன்னும் விடியல்ல."

"கூட ஆளு உண்டா?"

"நம்ம ஊர்க்காரங்க நெறைய பேரு உண்டு."

"எல்லாருக்கும் வெள்ளை உடுப்பா?"

"வெள்ளைதான் மக்களே."

"வலிக்குதாம்மா?"

"காலு மட்டும் வலிக்கும். நின்னு நின்னு."

கிளீட்டசுக்குச் சந்தோஷம். பிள்ளை பேசிவிட்டாள், பயப்படவில்லை. அப்போது அபினா கேட்டாள்: "அம்மா, தாத்தா பக்கத்துல இருந்தா போனக் கொஞ்சம் குடுங்களேன்."

கிளீட்டஸ் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தபோது பிரிஜா அழுதுகொண்டிருந்தாள். அவனும் அழுதான்.

பிரிஜாவுக்கு 2013 மே மாதம் லீவு கிடைத்தது. டாக்சி எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றது. அபினா ஓடி வரவுமில்லை, ஒளியவுமில்லை. பக்கத்தில் வந்து, ஏசி அறையிலேயே கிடந்து குளிர்ந்த கையைத் தொட்டுப் பார்த்தாள், வெள்ளைச் செருப்பைப் பார்த்தாள்.

"எத்தன நாளும்மா விட்டிருக்காங்க?"

"ஒரு மாசம் மக்களே."

"ஒரு மாசமா! தாத்தாவ ஒருநாளுகூட விடல்லியே."

பிரிஜா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கிள்ளிக் காட்டினாள், மாரில் காதை வைக்கச் சொன்னாள். பிள்ளை எல்லாவற்றையும் அன்பாகக் கேட்டுக்கொண்டாள். ராத்திரி டூட்டி பழகிய பிரிஜாவின் உடம்பு இரவெல்லாம் விழித்திருந்தது, பகலில் பிணம்போல் உறங்கியது. சொன்னதையெல்லாம் அதுவே கெடுத்தது. ஒரு மத்தியானம் முத்துக்கனி துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, வெகுநேரம் மழையைப் பற்றியும் ஷீட் விலையைப் பற்றியும் பேசினார். எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தி, "பிள்ளே, நம்ம பூங்கனிய அங்க எங்கயாவது கண்டியா?" என்றார். பூங்கனி அவர் மனைவி, போன வருடம் மாரடைப்பில் போனவள். பிரிஜா அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தாள். "கண்டேன் அண்ணாச்சி. நல்லா இருக்கா. ஒங்களக் கேட்டா," என்றாள். முத்துக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அதன்பின் ஊரில் பலர் வந்தார்கள், அவளும் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

லீவு முடிந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கொண்டுவிடப் போனார்கள். பிரிஜா மகளை இறுக்கிப் பிடித்து முத்தமிட்டுவிட்டு, திரும்பிப் பார்த்தால் போகமுடியாது என்று, பார்க்காமலே கண்ணாடிக் கதவுக்குள் போனாள். கிளீட்டஸ் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு நின்றான். அபினா அழவில்லை. கம்பித் தடுப்பில் ஏறி நின்று, கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளோடு வரிசையில் நிற்கிறவர்களையும், அவர்களைக் கட்டிப்பிடித்துக் கதறுகிற பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு பேராப்பா இண்ணைக்கு?"

"ஆமா மக்களே," என்றான் கிளீட்டஸ். "எல்லா நாளும் இப்படித்தான்."