சுசீலா வீட்டுச் சத்து டானிக்

எண்பத்தெட்டில் ஆவடி குவார்ட்டர்ஸில் இரவல் கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பினால், அனுப்பியவள் பெயர் அன்றோடு கெட்டது. சுசீலாவுக்கு அந்தப் பயம் கொஞ்சம் அதிகம்.

அவளுடைய நாலு வயது மகள் தேன்மொழிக்குப் பிரைமரி காம்ப்ளெக்ஸ். குழந்தைகளுக்கு வரும் டிபிக்கு நாகரிகமான பெயர், அவ்வளவுதான். சிவப்பு மருந்தை ஆறு மாதம் விடாமல் கொடுக்கச் சொன்னார் டாக்டர். டிபி என்று தெரிந்தால் பிள்ளையை யாரும் சேர்க்கமாட்டார்களே! "சத்து டானிக்" என்று சொல்லிவைத்தாள்.

மருந்து நன்றாகவே பிடித்தது. தேன்மொழிக்குக் கன்னம் உப்பியது. எதிர்வீட்டுப் பார்வதத்துக்குக் கண் உறுத்தியது.

"இன்னா டானிக்டி அது? எம்புள்ள ஓணான் மாதிரி கீறான், அவனுக்கும் ஒரு மூடி ஊத்து."

ஊற்றினாள். விஷயம் பரவி, தினமும் காலையில் வாசலில் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பாட்டில் மாதக் கடைசி வரை வர வேண்டுமே என்று, தன் பிள்ளைக்கு அரை மூடியாகக் குறைத்தாள் அந்த மகராசி. தேன்மொழிக்கு மறுபடியும் சாயங்காலக் காய்ச்சல் வந்தது.

அதுவரை புதரோரமே ஒதுங்கிவந்த பார்வதத்தின் மகன், ஒரு நாள் தூக்கத்தில் அப்பாவின் வெள்ளை வேட்டியைச் சிவப்பாக நனைத்தான்.

"ஐயோ, எம்புள்ள ரத்தமா போறான்!"

மற்ற தாய்மார்களும் அவரவர் பிள்ளையை நிற்கவைத்துச் சோதித்துவிட்டு ஓடி வந்தார்கள். சுசீலா காய்ச்சலில் கிடந்த மகளைப் பார்த்தாள். பெயராவது ஒன்றாவது என்று வந்துவிட்டது.

"ரத்தமில்லக்கா, மருந்தோட நிறம். எம்பொண்ணுக்கு டிபி. இனிமே யாருக்கும் ஒரு சொட்டு தரமாட்டேன்!"

கூட்டம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மறைந்தது. பார்வதம் மட்டும் நின்றாள்.

"நோவுக்காரப் புள்ள மருந்தயா புடுங்கிகினு போனேன்? சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாடி?" என்று உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அவளே ஆஸ்பத்திரிக்குத் துணை வந்தாள்.

அரைகுறை மருந்தில் கிருமிக்குத் திமிர்தான் ஏறும் என்று டாக்டர் சுசீலாவைக் காய்ச்சி எடுத்தார். பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான் ஒட்டும், கூட விளையாடும் பிள்ளைகளையும், இருமுகிற பெரியவர்களையும் சோதிக்க வேண்டும் என்றார். அதை அவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது.

மறுநாள் ஒரு கதவும் திறக்கவில்லை. தெரு நடுவே வந்து நின்றாள் பார்வதம். யாரும் தொடத் தயங்கிய தேன்மொழி அவள் இடுப்பில் இருந்தாள்.

"ஒட்டுச்சுன்னா மொதல்ல எனக்கு ஒட்டட்டும். வெளிய வாங்கடி, ஆஸ்பத்திரி பஸ்சு போயிடப் போவுது!"