நீர்மாலைக்கு ஒரு குடம்

குடைக்கம்பைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பாண்டிச்செல்வி அந்தத் தாளை மூன்றாவது தடவையாகப் படித்தாள். மலையாளத்தில் ஒரு பிழை இல்லாமல் அடித்திருந்தார்கள். 'தங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான நிலத்தில், என் தகப்பனாரின் இறுதிச் சடங்குக்காக அரை மணி நேரம் நுழைய அனுமதி தந்து உதவும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே அவள் பெயர், முகவரி எல்லாம் தயாராக இருந்தன. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறிகூடப் போட்டு வைத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு ஒப்பு தானே மோளே," என்றார் பிச்சை. "போட்டுத் தா. இப்பவே தொறந்து விட்டுர்றேன்."

தகரத் தடுப்புக்கு நடுவிலிருந்த கேட்டின் உள்பக்கம் அவர் நின்றார். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை, நீலத் தொப்பி. ஐந்து வருஷத்துக்கு முன்பு வரை இதே திடலில், அப்பா பிடித்த பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். மகள் கல்யாணத்துக்குப் பிறகு கடன் கழுத்தை நெரிக்க, இந்தக் காவல் வேலைக்கு வந்துவிட்டார். அதற்காக அப்பா அவரிடம் முகத்தைத் திருப்பவில்லை. 'வயித்துப்பாடுல்லா' என்று சொன்னதோடு சரி.

"ஒப்பு இல்லாம தொறங்க மாமா. ஒரு கொடம் தண்ணி. அஞ்சு நிமிஷம்."

பிச்சை கம்பத்தின் உச்சியைக் காட்டினார். ஒன்றுக்கு இரண்டு கேமராக்கள்.

"அவன் எனக்குக் கூடப்பொறக்காத பொறப்பு மோளே. ஆனா நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

 கேட்டின் இடுக்கு வழியே உள்ளே பார்த்தாள். மட்டாஞ்சேரி பஜாரின் மசாலாக் கிடங்குகளுக்கு இடையில், காயலைப் பார்த்துக் கிடக்கும் முக்கால் ஏக்கர். இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். தண்ணீருக்குள் இறங்கும் நான்கு கல்படிகள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகள் பந்து விளையாடியதும், ஒற்றை அறை வீடுகளிலிருந்து பெண்கள் சாயங்காலம் காற்று வாங்க வந்து உட்கார்ந்ததும் இங்கேதான். மழை மாதங்களில் அம்மா அந்தப் படியில்தான் துணி துவைப்பாளாம். இப்போது அந்தப் படிவரைக்கும் ஆகாயத்தாமரை ஊதாப் பூவோடு வந்து அடைந்து கிடந்தது.

ஒரு நாள் கம்பெனிக்காரர்கள் பத்திரத்தோடு வந்தார்கள். ஓட்டல் வரும், சொகுசுப் படகுத்துறை வரும் என்றார்கள். கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா இசக்கிதுரைக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ, ஆள் சேர்த்து ஒரு சமிதி ஆரம்பித்து, இது பொதுத் திடல், இதைப் பூங்காவாக்கித் தாருங்கள் என்று மனுப் போட்டார். நாலு பெஞ்சு, ரெண்டு விளக்கு, பிள்ளைகளுக்கு ஒரு ஊஞ்சல். கேட்டது அவ்வளவுதான். அதற்கு ஒன்பது வருஷம். அப்பா தமிழில் சொல்லச் சொல்ல, சுள்ளிக்கலில் அவள் வேலை பார்க்கும் தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து மலையாளத்தில் அடித்துக் கொடுத்தது எல்லாம் பாண்டிச்செல்விதான். அதில் ஒரு வரி அவளுக்கு மனப்பாடம்: 'நாற்பது வருடமாக எங்கள் சனங்கள் நீர்மாலை எடுப்பது இந்தப் படியில்தான். இதுவரை யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.'

இந்த ஒரு வரியில்தான் வழக்கே நிற்கிறது என்று வக்கீல் சொல்லியிருந்தார். வருகிற வியாழக்கிழமை கடைசி விசாரணை. இன்று திங்கள். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அப்பாவின் மூச்சு நின்றுபோனது.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சந்தில் தார்ப்பாய் கட்டி, பெஞ்சில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்த சித்தப்பா சிவசங்கரன் ஈர வேட்டியும் கழுத்தில் மாலையுமாகத் தயாராக நின்றார். அண்ணனுக்கு மகன் இல்லாததால் கொள்ளி வைக்கப்போவது அவர்தான். கொள்ளி வைப்பவர் சங்கும் சேகண்டியும் முன்னால் போக, தலைக்குமேல் வெள்ளைத் துணியை நான்கு பேர் பிடிக்க, நீர்த்துறையிலிருந்து குடத்தில் நீர்மாலைத் தண்ணீர் கொண்டுவந்தால்தான் உடலைக் குளிப்பாட்ட முடியும். மூன்று மணிக்குச் சுடுகாட்டில் நேரம் குறித்தாகிவிட்டது. மணி ஒன்றரை.

"தொறந்தானா?" என்று கேட்டாள் அம்மா பாக்கியலக்ஷ்மி.

"ஒப்பு கேக்குறாங்கம்மா."

"போட்டுக் குடுக்க வேண்டியதுதான?"

"போட்டா வியாழக்கிழம அந்தத் தாள எடுத்து நீட்டுவாங்க. இசக்கிதுரை மகளே எங்ககிட்ட அனுமதி கேட்டுத்தான் உள்ள வந்தாம்பாங்க. அதோட முடிஞ்சிரும்மா."

"முடியட்டும். கேஸு யாருக்குட்டி? அவருக்கு. அவரே போயாச்சு."

"அவருக்கு மட்டுமாம்மா?"

 சித்தப்பா அம்மாவைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மைனி, வேற எடத்துல எடுப்போமே. எல்லாம் ஒரே காயல்தான."

வேறு இடம் எங்கே இருக்கிறது? கரை நெடுகக் கிடங்குகளின் முதுகும் ஓட்டல்களின் சுவரும்தான். படகு ஜெட்டியில் டிக்கெட் எடுத்தால்தான் உள்ளே விடுவான். விட்டாலும் தண்ணீர் எங்கோ பாதாளத்தில் கிடக்கும்.

"எனக்கு அந்தப் படியிலருந்து வேணும்," என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "ஒம்பது வருசம் அந்தத் தண்ணிக்குத்தான நாயா அலைஞ்சாரு. அதுல ஒரு கொடம் ஊத்தி அனுப்பக் கூடாதா? அதுகூடவா அந்த மனுசனுக்குக் கெடயாது?"

பாண்டிச்செல்விக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. ஒரு கையெழுத்து போடலாமா, கூடாதா என்று சொல்லிவிட்டாவது போயிருக்கலாம். மூன்று நாள் முன்புகூட ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து, வியாழக்கிழமைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்றுதான் கேட்டார். அந்த மனுஷர் இந்தத் தாளைப் பார்த்தால் கிழித்துப் போடுவார். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் போட்டுக் கொடு என்பார். இரண்டும் அவர்தான்.

"சரிம்மா," என்றாள்.

அடுக்களைக்குப் போனவள், கல் உப்பு ஜாடிக்குள் கையை விட்டு, இரண்டு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

சங்கு முழங்கியது. வெள்ளைத் துணியின் நான்கு முனைகளையும் பிடித்தவர்கள் சமிதி ஆட்கள். பின்னால் பத்துப் பேர் மழையில் நடந்தார்கள். சந்து திரும்பி அம்மாவின் கண்ணை விட்டு மறைந்ததும் பாண்டிச்செல்வி முன்னால் வந்து நின்றாள். திடலுக்குப் போகிற பாதையை விட்டுவிட்டுக் கிடங்கின் பின்பக்கம் கை காட்டினாள். அங்கே ஒரு கார்ப்பரேஷன் பைப்பு இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. துணி பிடித்தவர்களில் ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

தண்ணீர் நூல் மாதிரி வந்தது. குடம் நிறைய வெகுநேரம் பிடித்தது. சேகண்டி அடிப்பவர் என்ன செய்வது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார். அவள் உப்பைக் கொட்டிக் கையை விட்டுக் கலக்கினாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். போதவில்லை. மிச்சத்தையும் கொட்டினாள்.

"மைனிக்குத் தெரிஞ்சா?" என்றார் சித்தப்பா.

"தெரியாது சித்தப்பா. இப்ப காயல் தண்ணி மாதிரியேதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்து தெரிந்த கேட்டுப் பக்கம் பிச்சை இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். குடம் சித்தப்பாவின் தோளுக்கு ஏறியபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சங்குச் சத்தம் கேட்டு அம்மா சந்து முனைக்கே வந்திருந்தாள்.

"படியிலதான எடுத்தீங்க?"

"ஆமா," என்றாள் பாண்டிச்செல்வி. இதுவரைக்கும் அம்மாவிடம் அவள் பெரிதாகப் பொய் சொன்னதில்லை.

"கடைசிக்கு அவருக்குக் கெடச்சிட்டு," என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் அம்மா சொன்னாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்க முடியாமல் பாண்டிச்செல்வி வேறு பக்கம் பார்த்தாள்.

அப்பாவை உட்கார்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைத்தாயிற்று. சித்தப்பா குடத்தைச் சாய்த்து முதல் தாரையைத் தோளில் விட்டார். அம்மா அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்தி, அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கன்னம், மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன பிடரி. பிறகு பழக்கத்தில் அதே ஈரக்கையால் தன் வாயையும் துடைத்துக்கொண்டாள்.

கை அப்படியே நின்றது.

உதட்டை ஒரு தடவை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பாண்டிச்செல்வியின் முந்தானை முனையில் ஒரு கல் உப்பு இன்னும் கரையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா அவள் காதோரம் குனிந்தாள். வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"மழக்காலத்துல ஆத்துத் தண்ணிதானட்டி காயல்ல ஓடும்? இப்ப அதுல உப்பு ஏது?"

 சந்துக்கு வெளியே ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. குடத்தை ஏந்திய கையோடு சித்தப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊற்றவா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மா நிமிர்ந்தாள். மூடியிருந்த அப்பாவின் கண்களுக்கு மேலே, புருவத்தோடு சேர்த்து, தன் உள்ளங்கையைக் குடை மாதிரி வைத்துப் பிடித்தாள்.

"ஊத்துங்க கொழுந்தனாரே," என்றாள். "கண்ணுல படாம ஊத்துங்க. எரியும்."