மூன்றாவது ஆள்

மேப்பு பேருந்திலிருந்து இறங்கியபோது ஒரு லாரியின் முன்கண்ணாடி உடைந்து கொட்டிக்கொண்டிருந்தது. இரும்புக் கம்பியால் ஒருவன் இடிக்க இடிக்க, கண்ணாடி கல் உப்பு மாதிரி சாலையில் சிதறியது. நாற்சந்தியின் நான்கு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டிருந்தன. ஒரு ஹாரன்கூட ஒலிக்கவில்லை.

"அண்ணனுக்கு அடிபட்டிருச்சு, உடனே வா" என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தார்கள். அடி என்ற நினைப்பிலேயே வழிநெடுக எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று யோசித்துக்கொண்டு வந்தாள். அண்ணனின் டயர்க் கடைக்கு எதிரே தார்ப்பாய் ஒன்றை விரித்திருந்தார்கள். அதற்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டை விரலில் வெள்ளைப் பெயின்ட்.

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு கீறலும் இல்லை. மார்பு இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது. மூடிவிட்டாள்.

பக்கத்தில் வெள்ளையடித்த மூன்று பழைய டயர்கள் சாலையின் நடுக்கோட்டில் வரிசையாகக் கிடந்தன. நான்காவது, தூரத்தில், சாக்கடையோரம் சாய்ந்திருந்தது. என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேப்பு என்று பெயர் வைத்ததே அண்ணன்தான். வட்டாரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். "வந்துட்டாங்கய்யா மேப்பு, எந்திரிச்சு நில்லுங்க" என்பான். ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. சின்ன ஊர்கள் சாலைப் பாதுகாப்புக்கு நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுவது அவள் வேலை. மக்கள்தொகைக்கு இருபது மதிப்பெண்; ஒன்பதாயிரம் பேர் இருக்கிற அவர்கள் ஊருக்கு அதில் இரண்டு கிடைக்கும். வேகத்தடை, விளக்கு, சிக்னல் எல்லாவற்றுக்கும் அடிப்படை விதி ஒன்று: ஒரே இடத்தில் ஐந்து வருடத்தில் மூன்று உயிர் போயிருக்க வேண்டும்.

சந்தியில் யார் விழுந்தாலும் அண்ணன் போன் செய்வான். "இன்னைக்கு ஒண்ணு, மேப்பு. பைக்ல வந்தவன். தப்பிச்சுட்டான்."

"போலீஸ்ல எழுதினாங்களாண்ணா?"

"எழுதல."

"அப்ப கணக்குல வராது."

கணக்கில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பால்காரர், கல்யாணமாகி நான்கு மாதமே ஆன ஒரு பையன். நடுவில் ஒரு டீச்சரும் அடிபட்டார். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு நாள் கிடந்துதான் இறந்தார். முப்பது நாளுக்குள் இறந்தால்தான் அது சாலை விபத்துச் சாவு. "டீச்சரம்மா நாலு நாள் முந்தியிருந்தா நமக்கு வேகத்தடை வந்திருக்கும்யா" என்று அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். "என் தங்கச்சி ஆபீஸ்ல மூணு கேக்கறாங்க. நம்ம கையில ரெண்டு இருக்கு. யாராவது மனசு வைங்கப்பா." கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் ஒருமுறை சிரித்திருக்கிறாள்.

நிதி வராது என்று தெரிந்ததும் அவனே ஆறு டயர்களுக்கு வெள்ளையடித்து நடுச்சாலையில் போட்டான். வண்டிகள் அதைப் பார்த்து வேகம் குறைத்தன. இரண்டு மாதம் ஒருவரும் விழவில்லை. பிறகு, அனுமதியில்லாத தடைகளை ஏழு நாளுக்குள் அகற்றும்படி அலுவலகத்திலிருந்து கடிதம் போயிற்று. கையெழுத்து மேலதிகாரியுடையது. எழுதியது அவள். அண்ணன் அதைச் செய்தி வாசிக்கிறவன் குரலில் போனில் படித்துக் காட்டிவிட்டு, "இந்தத் தமிழு உன்னோடதுதானே?" என்று கேட்டான். மறுநாளே டயர்களை எடுத்துவிட்டான்.

இன்று காலையில் பள்ளிக்கூட வேன் ஒன்று மயிரிழையில் தப்பியிருக்கிறது. அதைப் பார்த்த அண்ணன், எடுத்து வைத்த டயர்களை மறுபடி உருட்டிக்கொண்டு சாலைக்கு வந்திருக்கிறான்.

லாரிக்குப் பின்னால் 'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மரம் முறிகிற சத்தம் அல்ல அது. மேப்பு எழுந்து ஓடினாள்.

லாரி டிரைவரைப் பின் சக்கரத்தோடு சாய்த்து வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டை கிழிந்து கழுத்தில் கயிறு மாதிரி தொங்கியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வாயால், "பாக்கலங்க, பாக்கவே இல்லங்க" என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னார். அடிக்கிறவர்களை அவளுக்குத் தெரியும். காய்கறிக்காரர், பார்பர், கூரியர் கொண்டுவருகிறவன். எல்லோருக்கும் முன்னால் வெல்டர். அண்ணனுக்கு இருபது வருடச் சிநேகிதர். பக்கத்துக் கடை. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். அவர் கையில் அண்ணன் டயர் கழற்றுகிற கம்பி இருந்தது.

கம்பி இறங்கியது. டிரைவரின் கண் இருந்த இடத்தில் ரத்தம் கொப்பளித்தது. அவர் பாதிச் சொல்லில் நின்று, பக்கவாட்டில் சரிந்தார். விழுந்தவரின் விலாவில் பார்பர் உதைத்தார். இதமாகச் சவரம் செய்கிற மனிதர். அவர் சத்தம் போட்டே யாரும் கேட்டதில்லை.

மேப்பு ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகும் அவளால் சொல்ல முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அந்த மனிதர் மேல் குப்புற விழுந்தாள். அடுத்த அடி அவள் தோளில் விழுந்தது. கை விரல் நுனிவரை மரத்துப்போயிற்று.

"எந்திரி மேப்பு!" வெல்டர் கத்தினார். "எந்திரி. உன்னையும் சேத்து அடிச்சுடுவேன்."

"அடிங்க."

"அங்க கெடக்கிறது உங்க அண்ணன். தெரியுதா? எம் மடியில போச்சு உசுரு. நீ இவனைக் கட்டிப் பிடிச்சுட்டு கெடக்கற!"

"இவரால பாத்திருக்கவே முடியாதுண்ணா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "வளைவுல மரம் மறைக்குது. அந்த விளம்பரப் பலகை மறைக்குது. நாப்பது மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியும். லோடு வண்டி நிக்கணும்னா எம்பது வேணும். யாரு ஓட்டியிருந்தாலும் இடிச்சிருப்பாங்க. நான் அளந்திருக்கேன்."

வெல்டர் கம்பியைத் தாழ்த்தினார். அவர் முகம் கோணியது.

"அளந்தியா? அளந்துட்டு என்ன பண்ணின?"

அவளுக்குக் கீழே டிரைவரின் நெஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவர் உடம்பில் வியர்வையும் டீசலும் நாறின. வெல்டர் கம்பியைத் தூக்கி எறிந்தார். அது தார்ச்சாலையில் துள்ளித் துள்ளி ஓடி, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது.

டிரைவரை விட்டார்களே தவிர, லாரியை விடவில்லை. யாரோ டேங்க் மூடியைத் திறந்தார்கள். போலீஸும் ஆம்புலன்ஸும் வந்தபோது முன்பக்கம் முழுக்கப் பற்றியிருந்தது. டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் ஊர்க்காரர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். ஆம்புலன்ஸ் ஒன்றுதான் வந்திருந்தது. உயிரோடு இருப்பவரைத்தான் ஏற்றுவோம் என்றார்கள். அண்ணன் இன்னும் ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தான். தார்ப்பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் பிணவறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணி வாசலில் நின்றிருந்தாள். மாவு மில்லில் பதினைந்து வருடம் மூட்டை தூக்கியவள். நிமிர்ந்து நின்றால் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நிற்பாள். அவள் அழவில்லை. புருஷனை உள்ளே கிடத்தும்வரை வழிவிட்டு நின்றாள். எல்லோரும் உள்ளே போன பிறகு, கடைசியாக வந்த மேப்புவின் எதிரே வந்து நின்றாள்.

"மூணு ஆச்சா?"

மேப்பு தலை குனிந்தாள்.

"கேக்கறேன்ல? உங்க ஆபீஸ் கணக்குல மூணு ஆச்சா?"

முதல் அறை விழுந்ததும் மேப்புவின் காது அடைத்துக்கொண்டது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. அண்ணி மில்லில் மூட்டை இறக்குகிற மாதிரி, அவசரமில்லாமல், முழுக் கையையும் வீசி அடித்தாள். மேப்பு கையைத் தூக்கவில்லை. அடிபட்ட தோளைத் தூக்க முடியவும் இல்லை. சுவரில் மோதிக் கீழே உட்கார்ந்தாள். அண்ணி குனிந்து தலைமயிரைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தாள். தப்பிய ஓர் அடி சுவரில் பட்டு, சுண்ணாம்பு உதிர்ந்தது.

வெல்டர் ஓடி வந்து அண்ணியை இடுப்போடு கட்டி இழுத்தார். "வேணாம்மா. விடு. அவளும் பறிகொடுத்தவதான்."

"எடுத்துட்டாருல்ல அவரு டயரை! இவ எழுதினான்னுதானே எடுத்தாரு! கவர்மென்டு சொன்னா கேக்க மாட்டாரு, தங்கச்சி சொன்னா கேப்பாரு!" அப்போதுதான் அண்ணிக்குக் குரல் உடைந்தது.

மறுநாள் மதியம் அடக்கம். அதற்கு மேலதிகாரி அலுவலக ஜீப்பில் மாலையோடு வந்தார். தெருமுனையிலேயே பார்பர் முதல் கல்லை எறிந்தார். முன்கண்ணாடி போயிற்று. ஜீப் டிரைவர் அப்படியே ரிவர்ஸ் எடுத்தார். மாலை தெருவில் விழுந்து, பின்வாங்கிய ஜீப்பே அதன் மேல் ஏறிப் போயிற்று. மேப்பு பெண்களோடு நின்று அதைப் பார்த்தாள். குழியில் மண் தள்ளும்போது முதல் கைப்பிடியை யார் போடுவது என்று தயங்கினார்கள். வெல்டர் அவளைப் பார்த்தார். அவள் போட்டாள்.

நான்கு மணிக்கு மேலதிகாரி போன் செய்தார்.

"எப்படி ஆறுதல் சொல்றதுன்னே தெரியலம்மா. நேர்ல வந்தேன், முடியல."

"பாத்தேன் சார்."

"இதை இப்ப பேசறது தப்பு. ஆனா பேசாம இருக்கறது அதைவிடத் தப்பு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தச் சந்தி இப்ப தகுதியாயிடுது. ஆனா பால்காரர் இறந்து அஞ்சு வருஷம் அடுத்த மாசத்தோட முடியுது. அவர் கணக்குலருந்து போயிட்டா மறுபடி ரெண்டுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள விண்ணப்பம் போகணும். வேற யாரையாவது போடச் சொல்லட்டுமா?"

"டிரைவர் எப்படி இருக்கார் சார்?"

"உயிருக்கு ஒண்ணுமில்ல. ஒரு கண்ணு போயிடுச்சு. தாடை ரெண்டு இடத்துல ஒடைஞ்சிருக்காம்."

"அதுவும் அந்தச் சந்தியிலதான் சார் போச்சு."

"அது விபத்து இல்லையேம்மா."

"நானே போடறேன்" என்றாள் மேப்பு.

பிள்ளைகள் இல்லாத வீடு. வந்தவர்கள் போன பிறகு சட்டென்று காலியாகிவிட்டது. இரவல் வாங்கிய நாற்காலிகளைக்கூட வெல்டர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி சமையலறைச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மேப்பு கூடத்துத் தரையில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து விபத்துப் படிவத்தை எடுத்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன்னால் கையால் எழுதிப் பார்ப்பது அவள் வழக்கம். இந்த ஐந்து வருடத்தில் நூற்றுக்கணக்கான படிவங்களை எழுதியிருக்கிறாள். பெயருக்கு அதில் இடம் கிடையாது.

பேனா ஓடும் சத்தம் கேட்டு அண்ணி எழுந்து வந்தாள். நின்றபடியே கேட்டாள்.

"என்ன எழுதற?"

மேப்பு சொன்னாள். சொல்லும்போது அடுத்த அறை விழும் என்று அவள் கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. விழவில்லை.

"படி."

"அண்ணி, வேணாம்..."

"படின்னா படி."

"விபத்து வகை, உயிரிழப்பு. இறப்பு, சம்பவ இடத்திலேயே. பாதசாரி. ஆண். வயது ஐம்பத்திரண்டு."

"பாதசாரின்னா?"

"நடந்து போறவங்க."

"நடந்து போறவரா?" அண்ணியின் மூக்கிலிருந்து சிரிப்பு மாதிரி ஒரு காற்று வந்தது. "எதிர்த்த கடையில தீப்பெட்டி வாங்கணும்னாலும் பைக்கை உதைப்பாரு உங்க அண்ணன்."

மேப்புவுக்கும் உதடு விரிந்தது. கிழிந்த இடம் மறுபடி திறந்து வலித்தது. சேலை நுனியால் ஒற்றிக்கொண்டாள். அண்ணி சுவரைப் பிடித்து மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போது வலது கையை ஊன்ற முடியாமல் இடது கையை ஊன்றினாள். வலது மணிக்கட்டு கருத்து, பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. மேப்பு அதைப் பார்த்தாள். அண்ணி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வெளியே யாரோ வாளியைக் கவிழ்த்து வாசல் கழுவினார்கள்.

"ஐம்பத்தொண்ணு" என்றாள் அண்ணி.

"என்ன அண்ணி?"

"வயசு. அடுத்த மாசம் பதினெட்டாம் தேதிதான் ஐம்பத்திரண்டு."

மேப்பு எழுதியதை அடித்துவிட்டு, அதன் மேலே ஐம்பத்தொன்று என்று எழுதினாள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அண்ணி முந்தானைக்குள்ளிருந்து வீங்கிய கையை எடுத்து, தாளின் ஓரத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மேப்பு அடுத்த வரிக்குப் போனாள்.